ரேமில் மட்டும் தெரிந்த திருடன்: புறக்கோட்டையில் ஒரு நிகழ்வு ஆய்வு

புறக்கோட்டை கெய்சர் வீதியில் துணி இறக்குமதி செய்து மொத்தமாக விற்கும் கடை அது. சீனாவில் உள்ள ஓர் ஆலையில் சரக்கு எடுத்து, வங்கி வழியாக டொலரில் பணம் அனுப்புவார்கள். அந்த ஆலையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருப்பதாகவும், இந்த முறை மட்டும் வேறொரு கணக்குக்குப் பணத்தைப் போடும்படியும் அதில் எழுதியிருந்தது. கீழே பழைய கடிதப் போக்குவரத்து முழுவதும் அப்படியே இருந்தது. ஓடர் எண், துணியின் நிறம், மீட்டர் கணக்கு எதுவும் பிழையில்லை. கணக்குப் பார்க்கும் அக்கா ஒன்றைக் கவனித்தார்: புதிய கணக்கு இருந்த வங்கி சீனாவிலேயே இல்லை. ஆலைக்காரரை நேரே தொலைபேசியில் பிடித்துக் கேட்டார். அவர்கள் அப்படி எதையும் அனுப்பவில்லை. பணம் தப்பியது.

ஆனால் அந்தப் பழைய கடிதங்கள் வெளியாளின் கைக்கு எப்படிப் போயின? என்னைக் கூப்பிட்டது அதற்காகத்தான். கடையின் கணினியில் வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தது, முழுச் சோதனையும் ஓட்டியிருந்தார்கள், ஒன்றும் இல்லை என்றே அது சொன்னது. முதலாளிக்கு இதை இழுத்துக்கொண்டிருக்க விருப்பமில்லை.

"தம்பி, ஓஃப் பண்ணிப்போட்டு விண்டோஸைப் புதுசா அடிச்சுத் தாங்களேன். வியாபாரம் நிக்குது."

"ஐயா, ஓஃப் மட்டும் பண்ண வேண்டாம். நெட்வேர்க் வயரைக் கழட்டுங்க, அது போதும். நான் வந்து பார்க்கிறன்."

கொழும்பில் கணினி திருத்தும் கடைகளில் பத்துப் பிரச்சினைக்கு ஒரே மருந்து, ஃபோமட். விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தால் கணினி வேகமாக ஓடும், ஆள் சந்தோஷமாகப் போவார். என்ன திருடு போனது, எந்தக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், பக்கத்து மேசைக் கணினியும் கெட்டிருக்கிறதா என்ற கேள்விகளுக்கான பதில் முழுவதும் அந்த ஃபோமட்டோடு அழிந்துவிடும். பதிலில் முக்கியமான பகுதி வன்தட்டுக்கு வந்ததே இல்லை, ரேமிலேயே (மின்சாரம் நின்றால் அழிந்துபோகும் தற்காலிக நினைவகம்) இருந்தது என்றால், அதை அழிக்க ஃபோமட் கூடத் தேவையில்லை. சுவிட்ச் போதும்.

கடைக் கணினியின் ரேம்

கணினிச் சான்றுகளைச் சேகரிக்கும்போது எது சீக்கிரம் அழியுமோ அதை முதலில் எடுக்க வேண்டும். 2002ல் வெளியான ஆர்எஃப்சி 3227 என்ற இணைய வழிகாட்டி ஆவணம் இந்த ஒழுங்கை எழுதியே வைத்திருக்கிறது. நினைவகமும் புரோசஸ்களின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின்) பட்டியலும் வன்தட்டுக்கு முன்னால் வருகின்றன. 2003 ஜனவரியில் உலகம் முழுக்க இணையத்தைத் திணறடித்த ஸ்லாமர் புழு வெறும் 376 பைட் அளவுதான், வன்தட்டில் ஒரு கோப்பைக்கூட எழுதவில்லை. ரேமில் மட்டும் வாழ்வது புதிய வித்தை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைக் கணினியில் 8 ஜிபி ரேம். வெளித்தட்டு ஒன்றிலிருந்து வின்பிமெம் கருவியை ஓட்டி, ரேம் முழுவதையும் ஒரே கோப்பாக அந்த வெளித்தட்டிலேயே இறக்கினேன். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இப்படி நகலெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ரேம் பக்கம் பக்கமாகப் பிரிந்திருக்கும். முதல் பக்கத்தை நகலெடுக்கும் நேரத்துக்கும் கடைசிப் பக்கத்தை நகலெடுக்கும் நேரத்துக்கும் இடையில் கணினி வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஆகவே நகலின் ஒரு பகுதி மற்றப் பகுதியோடு பொருந்தாமல் போகலாம். அப்படியிருந்தும் எடுத்தாக வேண்டும்.

அந்த நகலைத் திறக்க வொலடிலிட்டி 3 பயன்படுத்தினேன். வொலடிலிட்டி 2007லிருந்து இருக்கும் திறந்த மூலக் கருவி, இந்தத் துறையில் எல்லோரும் முதலில் கைவைப்பது அதில்தான். விண்டோஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய குறியீட்டுக் கோப்புகளை மைக்ரோசொஃப்ட்டின் சேவரிலிருந்து எடுத்துத்தான் அது வேலை செய்யும். இணையம் இல்லாத கணினியில் ஆராய்வதென்றால் அந்தக் கோப்புகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புரோசஸ் பட்டியலில் ஒரு பெயர் கண்ணில் குத்தியது: ரெக்எஸ்விசிஎஸ். இது நிரல்களை ஓட்டும் தளமான மைக்ரோசொஃப்ட் டொட்நெட்டோடு வரும் உண்மையான நிரல்தான், கையொப்பமும் சரிதான். ஆனால் அதை ஓட்டுபவர் எந்தக் கோப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டளை வரியில் சொல்ல வேண்டும், வேலை முடிந்ததும் அது மூடிவிடும். இங்கே கட்டளை வரி வெறுமையாக இருந்தது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. துணிக்கடைக் கணக்குக் கணினியில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. அதைத் தொடக்கிவிட்ட தாய்ப் புரோசஸின் எண்ணைத் தேடினால், பட்டியலில் அந்த எண் இல்லை.

வொலடிலிட்டி தரும் பட்டியல் இரண்டு வகை. பிஎஸ்லிஸ்ட் என்பது விண்டோஸ் தானே வைத்திருக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போகிறது. பிஎஸ்ஸ்கேன் சங்கிலியை நம்பாமல், நினைவகம் முழுவதையும் துழாவி, புரோசஸ் பதிவு போலத் தெரியும் எல்லாவற்றையும் பொறுக்குகிறது. முடிந்துபோன புரோசஸின் பதிவு உடனே அழிக்கப்படுவதில்லை, அந்த இடத்தில் வேறு ஏதும் எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். பிஎஸ்ஸ்கேனில் அந்தத் தாய் அகப்பட்டது. அர்த்தமில்லாத எழுத்துகளில் ஒரு பெயர், காலையில் கணினி தொடங்கிச் சற்று நேரத்தில் பிறந்து, கொஞ்ச நேரத்தில் முடிந்திருந்தது. அதே பெயரில் ஒரு கோப்பு பயனரின் ஆப்டேட்டா கோப்புறையில் இருந்தது, அதை ஓட்டுவதற்கு ஒரு நேர அட்டவணைப் பணியும் இருந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்தக் கோப்பைத் தாண்டித்தான் போயிருந்தது.

அடுத்து வொலடிலிட்டியின் மால்ஃபைண்ட் கட்டளை. எழுதவும் முடியும், ஓட்டவும் முடியும், ஆனால் வன்தட்டில் எந்தக் கோப்போடும் தொடர்பில்லை என்கிற நினைவகப் பகுதிகளை அது காட்டும். அது காட்டுவதையெல்லாம் தீநிரல் (கெடுதல் செய்யும் நிரல்) என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டொட்நெட் நிரல்கள் ஓடும்போதே குறிமுறையை உருவாக்கும், ஆகவே நல்ல நிரல்களும் அதில் அகப்படும். வைரஸ் தடுப்பு மென்பொருளும் அகப்படும். நான் பார்ப்பது அந்தப் பகுதியின் முதல் இரண்டு எழுத்துகளை. விண்டோஸில் ஓடும் எந்த நிரலும் எம், இசட் என்ற இரண்டு எழுத்துகளில்தான் தொடங்கும், எம்எஸ்-டொஸ் காலத்தில் இந்தக் கோப்பு வடிவத்தை அமைத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள். ரெக்எஸ்விசிஎஸ்ஸின் உள்ளே, கோப்பில்லாத ஒரு பகுதி, எம் இசட் என்று தொடங்கியது. ஒரு முழு நிரல் அங்கே உட்கார்ந்திருந்தது.

செய்த முறை இதுதான். நம்பகமான நிரல் ஒன்றை உறைநிலையில் தொடங்குவார்கள். அதன் உள்ளடக்கத்தை நினைவகத்திலிருந்து கழற்றிவிட்டு, தங்கள் குறிமுறையை எழுதி, தொடக்கப் புள்ளியை அதன் பக்கம் திருப்பிவிட்டு ஓடவிடுவார்கள். வீட்டுக்காரரைத் துரத்திவிட்டு, அவருடைய பெயர்ப் பலகையைக் கழற்றாமல் இன்னொருவர் குடியிருப்பது போன்றது. வன்தட்டில் இருக்கும் ரெக்எஸ்விசிஎஸ் கோப்பைச் சோதித்தால் அது சுத்தமாக இருக்கும், ஏனென்றால் அதை யாரும் தொடவில்லை.

வலைத் தொடர்புகளின் தடங்களைத் தேடும் நெட்ஸ்கேனில் அதே புரோசஸ் வெளிநாட்டு முகவரி ஒன்றின் 587ஆம் போர்ட்டுடன் (தொடர்பு வாசலுடன்) தொடர்புகொண்டு மூடிய தடம் இருந்தது. 587 மின்னஞ்சல் அனுப்புவதற்கான போர்ட். கடைக்காரரின் மின்னஞ்சல் சேவர் அது இல்லை.

இவ்வளவும் கிடைத்த பிறகும், திருடப்பட்டது என்ன என்பதற்கு விடை அரைகுறைதான். உள்ளே இருந்த நிரலை வெளியே எடுத்தால் இடையிடையே வெற்றுப் பக்கங்கள். நினைவகம் நெருக்கடியாகும்போது விண்டோஸ் பயன்படாத பக்கங்களை வன்தட்டுக்குத் தள்ளிவிடும், அவை ரேம் நகலில் வராது. முழுதாகப் பார்க்க அதே தீநிரலை, நம் கட்டுப்பாட்டில் இருக்கும் இடத்தில், முதலிலிருந்து ஓடவிட வேண்டும்.

மெய்நிகர் கணினிக்குள்

லினக்ஸ் மடிக்கணினி ஒன்றில், கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாலேயே உருவாக்கும் விஎம்வேர் வேர்க்ஸ்டேஷன். அதற்குள் 4 ஜிபி ரேமுடன் 64 பிட் விண்டோஸ் 10. வெளி இணையத்துக்கு வழியே இல்லாத தனி வலையமைப்பு, அதில் இன்னொரு மெய்நிகர் கணினியில் ஐநெட்சிம். யார் எந்த முகவரியைக் கேட்டாலும் "நான்தான் அது" என்று பதில் சொல்லி, போலி மின்னஞ்சல் சேவராகவும் நடிக்கும் கருவி அது. மெய்நிகர் கணினியின் மின்னஞ்சல் மென்பொருளில் நான் கற்பனையாக ஒரு முகவரியும், வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு கடவுச்சொல்லும் சேமித்து வைத்தேன். திருடன் எதைத் தூக்குகிறான் என்று தெரிய, அடையாளம் போட்ட பொருள் ஒன்று வேண்டும்.

முதல் ஓட்டத்தில் மெய்நிகர் கணினியின் அடையாளங்களை மறைக்காமல் விடுவது என் வழக்கம். தன்னை யாராவது ஆராய்கிறார்களா என்று தீநிரல் பார்க்கிறதா என்பதே ஒரு தகவல். கடைக் கணினியின் ஆப்டேட்டாவில் கிடைத்த கோப்பை ஓட்டியதும் அது கொஞ்ச நேரம் தூங்கியது, பிறகு ஒன்றும் செய்யாமல் மூடிக்கொண்டது. தூங்கிக்கொண்டிருக்கும்போதே மெய்நிகர் கணினியை உறையவைத்து நினைவகத்தைப் பார்த்தேன். உற்பத்தியாளர் யார் என்று விண்டோஸிடம் கேட்கும் வினவல் ஒன்றும், பக்கத்திலேயே "விஎம்வேர்", "வெர்ச்சுவல்" என்ற சொற்களும் இருந்தன. டொட்நெட் தன் எழுத்துச் சரங்களை ஓர் எழுத்துக்கு 16 பிட் என்ற கணக்கில் வைக்கிறது. எழுத்துச் சரங்களைத் தேடும் ஸ்ட்ரிங்ஸ் கருவியை வழமையான முறையில் மட்டும் ஓட்டுபவருக்கு இந்தச் சொற்கள் கண்ணிலேயே படாது.

எதைக் கேட்கிறது என்று தெரிந்த பிறகு பதிலை மாற்றுவது சுலபம். விஎம்வேரின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால், மெய்நிகர் கணினி தன் உற்பத்தியாளராக வெளியே இருக்கும் உண்மையான மடிக்கணினியின் பெயரைச் சொல்லும். எஸ்எம்பயோஸ் தகவலை (கணினி தன் உற்பத்தியாளர் பற்றிச் சொல்லும் விவரம்) அப்படியே பிரதிபலிக்கச் சொல்லும் வரி அது. விஎம்வேரின் வலையட்டை முகவரிகள் 00:0C:29 என்றோ 00:50:56 என்றோ தொடங்கும், அதையும் மாற்றினேன். விஎம்வேர் டூல்ஸ் நிறுவவில்லை. செயலிக்கு இரண்டு கோர், வன்தட்டு 120 ஜிபி, டெஸ்க்டொப்பில் சில ஆவணங்கள். இன்னும் ஆழமாகச் செயலியையே கேட்டுக் கண்டுபிடிக்கும் தீநிரல்களும் உண்டு, இது அவ்வளவு தூரம் போகவில்லை.

இந்த முறை அது தூங்கி எழுந்து, வேலையைத் தொடங்கியது.

எந்த நொடியில் நிறுத்துவது

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். எந்தக் கருவி, எந்தக் கட்டளை என்பதை யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். நினைவகத்தை எப்போது நிறுத்திப் படம் எடுப்பது என்பதை வைத்துத்தான் விடை கிடைக்கிறது, கிடைக்காமல் போகிறது.

மெய்நிகர் கணினியில் ஒரு பெரிய வசதி உண்டு. நகலெடுப்பது உள்ளே இருக்கும் விண்டோஸ் இல்லை, வெளியே இருந்து மெய்நிகர் கணினியை ஓட்டும் ஹைப்பர்வைசர். ஸ்னாப்ஷொட் (அந்தக் கணத்தின் முழு நிலைப் படம்) எடுத்ததும் ரேம் முழுவதும் விஎம்இஎம் என்ற நீட்டிப்புக் கொண்ட கோப்பில் வந்துவிடும், கூடவே விஎம்எஸ்என் கோப்பும் வரும். இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள், இரண்டாவது இல்லாவிட்டால் நினைவகத்தின் எந்தப் பகுதி எங்கே போகிறது என்று வொலடிலிட்டிக்குத் தெரியாமல் போகலாம். படம் எடுக்கப்படும் விஷயம் உள்ளே இருக்கும் தீநிரலுக்குத் தெரியாது. கடைக் கணினியில் இருந்த பொருந்தாமைப் பிரச்சினையும் இங்கே இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே கணத்துக்குரியது.

ஆனால் எந்தக் கணம்? தீநிரல் தொடங்கிய உடனே நிறுத்தினால், உள்ளே இருப்பது வெறும் உறை. உண்மையான நிரல் அந்த உறைக்குள் ஒரு படக் கோப்பின் புள்ளிகளாகக் குறியாக்கம் செய்யப்பட்டுக் கிடக்கும், அதைப் பார்த்து ஒன்றும் புரியாது. ரெக்எஸ்விசிஎஸ் பிறந்த உடனே நிறுத்தினால் உள்ளே நிரல் இருக்கும், ஆனால் அது இன்னும் தன் அமைப்புகளைக் குறிநீக்கம் செய்திருக்காது. எந்தச் சேவருக்கு அனுப்புகிறது, யாருடைய பெயரில் அனுப்புகிறது என்பது தெரியாது. அதிக நேரம் விட்டாலும் பிரச்சினை. அனுப்பி முடித்த மின்னஞ்சல் இருந்த இடத்தை டொட்நெட்டின் குப்பை சேகரிப்பான் எடுத்துக்கொள்ளும், வேறு ஏதாவது அதன்மேல் எழுதப்படும்.

ஆகவே தீநிரலே தன் வாயால் சொல்லும் கணத்துக்காகக் காத்திருந்தேன். அது மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமென்றால், முதலில் மின்னஞ்சலை எழுதி முடிக்க வேண்டும், பிறகு சேவரின் பெயருக்குரிய முகவரியைக் கேட்க வேண்டும், அதன் பிறகே 587ஆம் போர்ட்டைத் தட்டும். ஐநெட்சிம் பக்கத்தில் அந்த முதல் தொடர்பு தெரிந்த உடனே மெய்நிகர் கணினியை இடைநிறுத்தினேன். அந்த வேளையில் சேவர் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், கடிதத்தின் உள்ளடக்கம் எல்லாம் நினைவகத்தில் குறியாக்கம் இல்லாமல் இருக்கும். கம்பியில் போகும் தரவை டிஎல்எஸ் குறியாக்கம் மூடியிருந்தாலும் கவலையில்லை, மூடுவதற்கு முன்னால் இருந்த வடிவத்தை நாம் எடுத்துவிடுகிறோம்.

எடுத்த படத்தில் ரெக்எஸ்விசிஎஸ்ஸின் நினைவகப் பகுதிகளை இறக்கி, உள்ளே இருந்த நிரலைப் பிரித்தேன். இந்த முறை வெற்றுப் பக்கங்கள் இல்லை. ஐஎல்ஸ்பை என்ற கருவியில் திறந்ததும் டொட்நெட் நிரல் ஓரளவு வாசிக்கக்கூடியதாகவே வந்தது. கடிதத்தின் உள்ளடக்கம் தனியாகவும் கிடைத்தது. தலைப்பு "பிடபிள்யூ" என்ற எழுத்துகளில் தொடங்கி, பயனர் பெயரும் கணினிப் பெயரும் தொடர்ந்தன. உள்ளே நேரம், செயலி, ரேம் அளவு, அதற்குக் கீழே நான் சேமித்து வைத்த கற்பனைக் கடவுச்சொல். விசைத்தட்டல்களுக்கும் திரைப்பிடிப்புகளுக்கும் வேறு முன்னொட்டுகள் நிரலில் இருந்தன. இந்த வடிவம் 2014லிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் ஏஜண்ட் டெஸ்லா குடும்பத்துக்குரியது. உலாவிகள், அவுட்லுக், எஃப்டிபி மென்பொருள்கள் எதில் கடவுச்சொல் சேமித்திருந்தாலும் வாரி எடுத்துக்கொள்ளும் வகை.

கடைக் கணினியின் அரைகுறை நகலுக்குத் திரும்பிப் போனபோது அது இப்போது பேசியது. எந்த வடிவத்தைத் தேட வேண்டும் என்று தெரிந்ததால், அதே முன்னொட்டுத் தலைப்பின் துண்டுகளும், கடையின் மின்னஞ்சல் முகவரியும் ரெக்எஸ்விசிஎஸ்ஸின் நினைவகத்தில் அகப்பட்டன. சேவர் பெயரும் ஒத்துப்போனது.

கிடைத்ததை வைத்துச் செய்தவை

மூலக் கடிதத்தையும் தேடி எடுத்தோம். கிளியரிங் ஏஜண்ட் அனுப்பியது போன்ற தோற்றத்தில், கப்பல் ஆவணம் என்ற பெயரில் சுருக்கிய கோப்பு. உள்ளே பிடிஎஃப் சின்னத்துடன் ஓர் ஓடும் நிரல். துறைமுகத்திலிருந்து இப்படிப் பத்துக் கடிதம் தினமும் வரும் கடையில் அதைத் திறந்தவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அக்காவிடமும் அதையே சொன்னேன்.

கடவுச்சொற்களை இன்னொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றச் செய்தோம். கெட்ட கணினியிலிருந்தே மாற்றினால் புதியதும் அவர்களுக்கே போகும். கடையின் மின்னஞ்சல் கணக்கில், ஆலையிலிருந்து வரும் கடிதங்களை வெளி முகவரி ஒன்றுக்கு நகல் அனுப்பும் விதி ஒன்று இருந்தது. அதை நீக்கியிராவிட்டால், கணினியைச் சுத்தம் செய்து கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் கடிதங்கள் வெளியே போய்க்கொண்டேயிருக்கும். ஃபோமட் இதைத் தொட்டிருக்கவே மாட்டாது. வங்கிக்குத் தகவல் கொடுத்தார்கள், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை செர்ட் அமைப்புக்கும் முறைப்பாடு போனது.

தீநிரலின் நினைவகத்தில் திருடர்கள் பயன்படுத்திய அஞ்சல்பெட்டியின் கடவுச்சொல்லும் இருந்தது என்றேனே. முதலாளி கேட்டார், "அப்ப உள்ளுக்குப் போய்ப் பார்க்கலாமே?" போகக் கூடாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், நுழைபவர் பாதிக்கப்பட்டவராக இருந்தாலும். அதோடு இப்படிப் பயன்படும் அஞ்சல்பெட்டி பெரும்பாலும் இன்னொரு அப்பாவி நிறுவனத்திடமிருந்து திருடப்பட்டதுதான். அந்த விவரத்தை அப்படியே செர்ட்டிடம் கொடுத்தோம். தீநிரல் கோப்பைப் பொதுவான சோதனைத் தளங்களில் ஏற்றவும் இல்லை. அதன் ஹேஷ் எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மட்டும் தேடிப் பார்த்தேன், கோப்பையே ஏற்றினால் அதை எழுதியவரும் கவனித்துக்கொண்டிருக்கலாம்.

ரேம் நகலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 8 ஜிபிக்குள் அக்காவின் குடும்பப் படங்களும், வங்கிக் கணக்கு நுழைவும், அன்று பேசிய தனிப்பட்ட செய்திகளும் இருந்தன. ஒருவரின் ரேமை எடுப்பது அவருடைய அலமாரி முழுவதையும் எடுப்பதற்குச் சமம். எடுக்கும் முன் அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கினேன், நகலைக் குறியாக்கம் செய்த தட்டில் மட்டும் வைத்திருந்தேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் வந்துவிட்ட பிறகு இது மரியாதைக்காக மட்டும் செய்யும் காரியம் இல்லை.

கடைசியாக, கடையின் மற்றக் கணினிகள். ஏஜண்ட் டெஸ்லாவின் நினைவக வடிவத்தை வைத்து ஒரு யாரா விதி (தீநிரலை அதன் வடிவத்தால் அடையாளம் காணும் தேடல் விதி) எழுதி, ஒவ்வொரு கணினியிலும் ரேம் எடுத்து, புரோசஸ்களின் நினைவகத்தில் அந்த விதியை ஓட்டினேன். கோப்பின் பெயரையோ ஹேஷையோ வைத்துத் தேடியிருந்தால் ஒன்றும் அகப்பட்டிருக்காது. உறை ஒவ்வொரு முறையும் வேறு, உள்ளே இருப்பது மட்டும்தான் ஒன்று. சரக்கு இறக்கும் பகுதியில் இருந்த கணினியில் விதி பொருந்தியது. அங்கே தீநிரல் குடியிருந்தது வேறொரு மைக்ரோசொஃப்ட் நிரலுக்குள், அனுப்பியதும் வேறொரு அஞ்சல்பெட்டிக்கு. அந்தக் கணினியைப் பயன்படுத்தும் தம்பியின் கடவுச்சொற்களையும், அவர் வழியாகத் துறைமுக முகவர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் பட்டியலில் சேர்த்து, இரண்டாவது அஞ்சல்பெட்டியின் விவரத்தோடு செர்ட்டுக்கு மறுபடி எழுதினோம். அதன் பிறகுதான் இரண்டு கணினிக்கும் புது விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன்.